டினியன்: காட்டுக்குள் காத்திருந்த ஓடுபாதைகள்

கைவிடப்பட்ட விமான தளம் என்று சொன்னதும் நமக்கு என்ன தோணும்? வெடிச்சுப்போன ஓடுபாதை, நடுவுல முளைச்ச புல், மேயற மாடு. கதை முடிஞ்சுபோன இடம். இன்னைக்கு நான் பேசப்போற இடத்தையும் உலகம் அப்படித்தான் நினைச்சுது.

பசிபிக் கடலில், குவாமுக்கு வடக்கே, டினியன் என்று ஒரு தீவு. பரப்பளவு சுமார் 100 சதுர கிலோமீட்டர். மக்கள்தொகை ஏறக்குறைய 2,000. நம்ம ஊர்ல ஒரு நடுத்தரக் கிராமம் அளவுதான். முதல் உலகப் போருக்குப் பிறகு ஜப்பான் வசம் இருந்தது. தீவு முழுக்கக் கரும்பு. வடக்கு முனையில் ஜப்பானியர்கள் ஒரு விமான தளமும் போட்டிருந்தாங்க.

1944 ஜூலை 24 அன்று அமெரிக்கப் படைகள் இறங்கின. ஒன்பதே நாளில் தீவு அவர்கள் கையில். ஏன் இந்தக் குட்டித் தீவுக்கு இவ்வளவு அவசரம்? பி-29 என்ற புதிய குண்டுவீச்சு விமானத்தால் இங்கிருந்து ஜப்பானுக்குப் போய்க் குண்டு போட்டுவிட்டுத் திரும்பி வர முடியும். காரணம் அந்தத் தூரம்தான்.

சீபீஸ் என்கிற கடற்படைக் கட்டுமானப் படை பவளப் பாறையை வெட்டி, நொறுக்கிப் பரப்பி, வடக்கு முனையில் நான்கு ஓடுபாதைகள் போட்டது. ஒவ்வொன்றும் 8,500 அடி, அதாவது சுமார் 2.6 கிலோமீட்டர். அதுக்கு நார்த் ஃபீல்ட் என்று பெயர். அன்றைக்கு உலகத்திலேயே மிகப் பெரிய விமான தளங்களில் ஒன்று. தீவின் வடிவம் மன்ஹாட்டன் மாதிரி இருக்குன்னு சாலைகளுக்கு பிராட்வே என்றெல்லாம் நியூயார்க் பெயர்களை வெச்சாங்க. அதே நேரம், கரும்புத் தோட்டங்களில் வேலை செய்த ஜப்பானியர், கொரியர் என ஆயிரக்கணக்கான பொதுமக்கள் முகாமில் அடைபட்டுக் கிடந்தாங்க.

1945 ஆகஸ்ட் 6, அதிகாலை 2:45. முதல் ஓடுபாதையிலிருந்து எனோலா கே கிளம்பியது. அதில் இருந்த குண்டின் எடை சுமார் 4,400 கிலோ. விமானத்தின் வயிற்றுக்கும் தரைக்கும் நடுவில் அதை நுழைக்க இடமில்லை. அதனால் தரையில் குழி தோண்டி, குண்டை உள்ளே இறக்கி, விமானத்தைப் பின்னோக்கி இழுத்துவந்து குழிமேல் நிறுத்தி, ஹைட்ராலிக் லிஃப்டால் மேலே தூக்கி ஏற்றினார்கள். சுமார் ஆறு மணி நேரம் கழித்து ஹிரோஷிமா. மூன்று நாள் கழித்து இதே தளத்திலிருந்து இன்னொரு விமானம். நாகசாகி.

போர் முடிந்தது. 1947 வாக்கில் தளத்தைக் கைவிட்டார்கள். பிறகு காடு வந்தது. அங்கே அடர்ந்து கிடக்கிற மரத்துக்கு உள்ளூர்ப் பெயர் டங்கன்டங்கன். என்ன மரம் என்று தேடிப் பார்த்தால், நம்ம ஊர்ல ஆட்டுக்கு ஒடிச்சுப் போடுற சவுண்டல்! விட்டால் எங்கேயும் பரவுற மரம்னு அதை வளர்த்தவங்களுக்குத் தெரியும். ஓடுபாதைகளின் ஓரமெல்லாம் அதுதான். குண்டு ஏற்றிய குழிகளையும் மண் போட்டு மூடிட்டாங்க. 2004-ல் திரும்பத் தோண்டி, மேலே கண்ணாடி போட்டுப் பார்வைக்கு வெச்சாங்க.

இதுவரைக்கும் கேட்டால், இயற்கை எல்லாத்தையும் மூடிடுச்சு என்று முடிக்கத் தோணும். ஆனா நிலம் யார்கிட்ட இருந்ததுன்னு பாருங்க. எழுபதுகளில் இந்தத் தீவுகள் அமெரிக்காவோடு ஓர் உடன்படிக்கை செய்துகொண்டன. அதன்படி டினியனில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு நிலம் ராணுவத்துக்குக் குத்தகை. 50 வருஷம். அது முடிந்ததும், கூடுதல் பணம் தராமலேயே இன்னொரு 50 வருஷம் நீட்டிக்கலாம். நார்த் ஃபீல்ட் அந்த நிலத்துக்குள்தான் இருக்கு. காட்டை விட்டார்களே தவிர, பத்திரத்தை விடவில்லை.

2023 இறுதியில் அமெரிக்காவின் பசிபிக் விமானப்படைத் தளபதி கென்னத் வில்ஸ்பாக், நார்த் ஃபீல்டை மறுபடி பெரிய தளமாக்கப்போவதாகச் சொன்னார். 2024-ல் வேலை வேகமெடுத்தது. சுமார் 2 கோடி சதுர அடி பழைய தளத்தில் மரங்களை வெட்டித் துப்புரவு செய்யும் வேலை. காரணம் சீனா. எல்லா விமானமும் குவாமில் ஒரே இடத்தில் நின்றால் ஏவுகணைக்குச் சுலபமான இலக்கு. பிரித்து நிறுத்த வேறு ஓடுபாதைகள் வேணும். இங்கே நாலு ரெடியா இருக்கு.

தீவுக்காரர்களிடம் ஒரே குரல் இல்லை. வேலை வரும், சாலை வரும், வருமானம் வரும் என்பவர்கள் உண்டு. அந்த நியாயத்தை நான் ஒதுக்கமாட்டேன். இவ்வளவு சின்னத் தீவில் பிழைப்புக்கு வழி குறைவு. இன்னொரு பக்கம், வடக்குக் காட்டில் காட்டு மிளகாய் பறிக்கப் போகிறவர்கள், மாடு மேய்ப்பவர்கள். நம்ம ஊசி மிளகாய் மாதிரி சின்னது, சுருக்குன்னு காரம். அதுக்குன்னே தீவில் ஒரு திருவிழா நடக்கிறது. இவங்க அமெரிக்கக் குடிமக்கள்தான். ஆனா அமெரிக்க அதிபர் தேர்தலில் ஓட்டு கிடையாது. போருக்கு உத்தரவு போடுகிறவரைத் தேர்ந்தெடுக்க முடியாது. போர் வந்தால் முதல் இலக்குகளில் ஒன்றாக அவங்க ஊர் இருக்கும்.

குழிகள்மேல் போட்ட கண்ணாடி இன்னும் இருக்கு. அதைப் பார்க்க வருகிறவர்கள் பழைய போரின் நினைவுச்சின்னம்னு பார்த்துட்டுப் போறாங்க. பக்கத்திலேயே புல்டோசர் ஓடுது. உங்க ஊர்ப் பக்கமும் இப்படி ஒரு போர்க்கால ஓடுபாதை இருந்தால், நிலம் இன்னைக்கு யார் பேர்ல இருக்குன்னு விசாரிச்சு எழுதுங்க. அடுத்த எபிசோடில் பேசலாம்.