வெறுங்கையும் வெற்றொலியும்

பெரம்பலூரிலும் அரியலூரிலும் கராத்தே பயிலும் சிறுவர் "இச்சி, நி, சான்" என்றெண்ணிக் குத்துகின்றனர். ஒன்று, இரண்டு, மூன்று என்றால் கை நீளாதோ?

இக்கலையின் பெயரே முன்னர்ச் 'சீனக்கை' எனப் பொருள்பட எழுதப்பெற்றது. 1936-இல் ஒக்கினாவாவில் கூடிய ஆசான்மார், ஒலியை மாற்றாமலே எழுத்தை மாற்றி, 'வெறுங்கை' எனப் பொருள்படுத்த இசைந்தனர். பொருளறிந்து பெயரிட்டவர் அவர். பொருளறியாது ஒலிப்பவர் நாம்! 'உக்கே' என்பதை வெறுந்தடுப்பென்றே நம் சிறுவர் கருதுவர். அதன் வேர்ப்பொருளோ ஏற்றல். வரும் அடியை ஏற்று விலக்குதலே அதன் நுட்பம். 'ஏற்பு' என்றிருப்பின் முதல்நாளே விளங்கியிருக்கும்.

போட்டிக்களத்தில் நடுவர் 'அசிமே' என்றே தொடங்குவார். அச்சொல்லையும் அறிந்துகொள்ளட்டும், தடையில்லை. ஊர்த்திடலில் 'தொடங்கு', 'நிறுத்து', 'உதை' எனச் சொல்லுதற்கு எவர் இசைவு வேண்டும்? கம்பெடுத்த சிலம்பாசான் வீச்சையும் வெட்டையும் தமிழாலன்றோ கற்பிக்கின்றார்!