பாதிப் பரிசுக்கு முழு ஆட்டமா?



என் கையில் இருப்பது ஸ்குவாஷ் பந்து. மேலே இரண்டு மஞ்சள் புள்ளி. இதோ, கீழே போடுகிறேன். எழும்பவில்லை, பார்த்தீர்களா? சுவரில் அடி அடியென்று அடித்துச் சூடேற்றினால்தான் துள்ளும். அடிப்பது ஆணா பெண்ணா என்று இந்தப் பந்து கேட்குமா?

களம் ஆணுக்கும் 32 அடி நீளம், 21 அடி அகலம், பெண்ணுக்கும் அதேதான். இருவருமே ஐந்தில் மூன்று கேம் ஜெயிக்க வேண்டும். கேமுக்கு 11 புள்ளி. ஆனால் பரிசு? 2015 தேசியப் போட்டியில் ஆண் சாம்பியனுக்கு 1,20,000 ரூபாய். பெண் சாம்பியனுக்கு 50,000! பாதிகூட இல்லை ஐயா, பாதிகூட இல்லை!

சென்னைப் பெண் தீபிகா பல்லிகல் என்ன செய்தார்? 2012-இல் உலகத் தரவரிசையில் முதல் பத்துக்குள் நுழைந்த முதல் இந்தியப் பெண் அவர். சமப் பரிசு இல்லாத தேசியப் போட்டி எனக்கு வேண்டாம் என்று ஒதுங்கி நின்றார். ஒரு வருடமல்ல, நான்கு வருடம்!

ஆடத் தெம்பில்லாமலா ஒதுங்கினார்? அதே காலத்தில்தான், 2014-இல், கிளாஸ்கோவில் ஜோஷ்னா சின்னப்பாவோடு சேர்ந்து காமன்வெல்த் தங்கம் வென்றார். ஸ்குவாஷில் இந்தியா கண்ட முதல் காமன்வெல்த் பதக்கம் அது! காசாசை என்பீர்களா? காசாசை பிடித்தவர் கைக்கெட்டிய 50,000-ஐ விட்டுவிட்டா போவார்?

2016-இல் பரிசு சமமாயிற்று. வந்தார், ஆடினார், பட்டத்தையும் கொண்டுபோனார்.

பிள்ளை பெற்றால் ஆட்டம் முடிந்தது என்பார்கள். 2021-இல் இரட்டைக் குழந்தைகளுக்குத் தாயானார். 2022 ஏப்ரலில் உலக இரட்டையர் போட்டியில் ஒரே நாளில் இரண்டு பட்டம்! 2023-இல் ஹாங்சோ ஆசியப் போட்டியில் ஹரிந்தர் பால் சந்துவோடு கலப்பு இரட்டையர் தங்கம்! இத்தனைக்குப் பிறகும் சிலருக்கு அவர் கிரிக்கெட் வீரரின் மனைவி மட்டும்தான்!

நம்மூர்ப் போட்டி நோட்டீஸை எடுத்துப் பாருங்கள். ஆண்களுக்கு ரொக்கம், பெண்களுக்கு எவர்சில்வர் குடம்! பொங்கலுக்கு நன்கொடைப் புத்தகத்தோடு வாசலுக்கு வருவார்கள். கேளுங்கள்: பெண்களுக்கு எவ்வளவு? ஒரே தொகை என்றால் தாராளமாய்க் கொடுங்கள். இல்லையென்றால் பணத்தை மடித்து முந்தானையில் முடியுங்கள். தீபிகா நான்கு வருடம் பொறுத்தார். நாம் ஒரு பொங்கல் பொறுக்க மாட்டோமா?