ஓர் அணுக் கனத்தில் ஒரு பறை
(திருமானூரில் செய்த சொற்பொழிவு)



இன்று ஒரு பறையைப் பற்றிப் பேச வந்திருக்கிறோம். அது வெறுங் கண்ணுக்குத் தெரியாது; அதன் ஓசை காதிலும் விழாது. "கடவுளைப் பற்றித்தானே இப்படிச் சொல்லுவார்கள், நீங்களுமா?" என்று கேட்பீர்கள். கேட்கத்தான் வேண்டும். காணாததை உண்டென்கிறவன் அதை அளக்கும் வழியையும் சொல்லக் கடமைப்பட்டவன்.

பென்சிலுக்குள் இருக்கும் கரி, தாள் தாளாக அடுக்கியது. 2004இல் மான்செஸ்டர் சர்வகலாசாலையில் கெய்மும் நோவோசெலோவும் அதில் ஒற்றைத் தாளைச் சாதாரண ஒட்டு நாடாவால் உரித்தெடுத்துக் காட்டினார்கள். அதன் பெயர் கிராஃபீன். சுமார் 30 லட்சம் தாளை அடுக்கினால்தான் ஒரு மில்லிமீட்டர் கனம் வரும்! 2007இல் அமெரிக்காவின் கார்னெல் சர்வகலாசாலையார் இதைச் சிறு பள்ளத்தின்மேல் விரித்துக் கட்டினார்கள். தட்டுவதற்குக் கோலா இருக்கிறது? மின்சாரத்தாலும், விட்டுவிட்டு வீசும் ஒளியாலும் ஆட்டினார்கள். வினாடிக்கு 10 லட்சம் முதல் 17 கோடி தடவை வரை அதிர்ந்தது. தாள் ஏறியிறங்கும்போது, அதில் பட்டுத் திரும்பும் லேசர் ஒளி கூடிக் குறைகிறது, அதை எண்ணினார்கள். காற்று பட்டால் அதிர்வு அமுங்கிவிடும் என்று காற்றையும் நீக்கிவிட்டுச் செய்தார்கள்.

நம் நாட்டிலும் நடந்தது. மும்பை டாடா அடிப்படை ஆராய்ச்சி நிலையத்தார் இத்தாளின் முனைகளைத் தங்கத்தால் பிடித்துக் கட்டி, குளிரவைத்து, சுருதி மாறுவதை அளந்து, 2010இல் முடிவு சொன்னார்கள்: இரும்பு சூட்டில் நீளும், கிராஃபீனோ சூட்டில் சுருங்கும்.

சூட்டில் இறுகுவது பறை காய்ச்சுகிற தோழருக்குப் புதிதா? அங்கே காரணம் வேறு, தோலின் ஈரம் போகிறது. ஆனால் கருவி ஏதுமின்றிக் காதாலேயே இழுவையை அளந்தவர் அவர். அவரைத் தீட்டென்று தெருவுக்கு வெளியே நிறுத்தி, அதே தோலில் செய்த மிருதங்கத்தின் நாதத்தை மட்டும் தெய்வீகம் என்றார்களே, அந்த மிருதங்கத்தில் தெய்வம் எங்கே இருக்கிறதென்று பார்த்தால், நடுவே அப்பிய கறுப்புச் சோற்றில் இருக்கிறது! இதே கொள்ளிடக் கரையில் நமக்கு மேற்கே திருவானைக்காவலில் 1888இல் பிறந்த சி. வி. இராமன், அந்தச் சோற்றின் எடைதான் ஓசையை ஒழுங்குபடுத்துகிறதென்று 1920இல் எழுதினார்.

கிராஃபீன் பறையிலும் எடைதான் விஷயம். அணுவளவு தூசி ஒட்டினாலும் சுருதி இறங்கும். எவ்வளவு இறங்கியதென்று பார்த்து, எந்தத் தராசிலும் நிற்காத எடையைக் கணக்கிடலாம்.

நாம் சொன்னதற்காக நம்பவேண்டாம். மேடையருகே பறை இருக்கிறது. பிசைந்த மாவும் கொண்டுவரச் சொல்லியிருக்கிறோம். சந்தேகப்படுகிறவர் முதலில் வந்து, நடுத்தோலில் மாவை அப்பித் தட்டிப் பாருங்கள்.