கம்பிக்குக் கீழே பட்டா

ராமச்சந்திரபுரத்துப் பெல் ஆலையில் டர்பைன் செய்கிறவர்களும், 1972 முதல் இங்கே இயங்கும் இக்ரிசாட்டில் சோளத்தையும் துவரையையும் ஆராய்கிறவர்களும் பக்கத்துப் பக்கத்து நாற்காலியில் உட்காரக்கூடிய ஊர் தெலங்கானாவின் பட்டான்செரு. மின்சாரத்தை உண்டாக்குகிற கையும் நிலத்தை நம்பிய கையும் சந்திக்கிற இடம். அதனால் இன்றைய பேச்சும் அந்த இரண்டும் முட்டிக்கொள்கிற இடத்தைப் பற்றியதுதான்: தனியார் நிலத்துக்கு மேலே போகும் உயர் அழுத்த மின்கம்பி. மின்சாரம் வேண்டாம் என்று யாரும் சொல்ல வரவில்லை. இந்த மைக்கே அதில்தான் ஓடுகிறது.

கதை தந்தியில் தொடங்குகிறது. 1885-இல் வெள்ளைக்காரன் ஒரு தந்திச் சட்டம் போட்டான். எவர் நிலத்திலும் கம்பம் நடலாம், கம்பி இழுக்கலாம். நிலம் மட்டும் உடைமைக்காரருக்கே சொந்தம், அரசுக்குப் பயன்படுத்தும் உரிமை மட்டும்தான் என்றது அதன் 10-ஆம் பிரிவு. சேதத்தைக் குறைவாகச் செய்ய வேண்டும், செய்த சேதத்துக்கு முழு இழப்பீடு தரவேண்டும் என்றும் அதுவே சொன்னது. அன்றைய தந்திக் கம்பம் எவ்வளவு இடம் பிடிக்கும்? ஒரு மாட்டைக் கட்டிப்போடும் இடம். அதன் கீழே உழலாம், விதைக்கலாம், வீடும் கட்டலாம். 2003-இல் வந்த மின்சாரச் சட்டத்தின் 164-ஆம் பிரிவு, இதே அதிகாரத்தை மின்பாதை போடுகிறவர்களுக்கும் அரசு வழங்கலாம் என்றது. தந்திக் கம்பத்துக்குத் தைத்த சட்டையை 400 கிலோவோல்ட் கோபுரத்துக்கு மாட்டிவிட்டார்கள்.

வேடிக்கையைக் கேளுங்கள். 2013 ஜூலையோடு நம் நாட்டில் தந்தி சேவை முடிந்தது. 2023-இல் வந்த தொலைத்தொடர்புச் சட்டம் பழைய தந்திச் சட்டத்தையே நீக்க ஏற்பாடு செய்தது. ஆனால் கம்பி இழுக்கும் அதிகாரம் அடங்கிய மூன்றாம் பகுதி மட்டும் மின்பாதைகளுக்காகத் தொடரும் என்று அதிலேயே எழுதிவைத்தார்கள். தந்தி போய்ச் சேர்ந்துவிட்டது, அதன் கம்பம் மட்டும் விவசாயியின் வயலில் நிற்கிறது.

இப்போது ஒரு ஏக்கரை எடுத்துக்கொள்வோம். சதுரமாக இருந்தால் ஒரு பக்கம் ஏறக்குறைய 64 மீட்டர். 220 கிலோவோல்ட் பாதைக்கு ஒதுக்கும் அகலம் 35 மீட்டர். நடுவே அது போனால் 100 சென்ட்டில் 55 சென்ட் கம்பியின் நிழலில். 400 கிலோவோல்ட் என்றால் 46 மீட்டர், அதாவது 72 சென்ட். பத்து ஏக்கர்க்காரருக்கு அது ஓரத்துத் தொந்தரவு. ஒரு ஏக்கர்க்காரருக்கு முழு வாழ்க்கை. அந்த இடத்தில் தென்னை வைக்க முடியாது, வீடு எழுப்ப முடியாது, போர்வெல் லாரி தன் கம்பத்தை நிமிர்த்த முடியாது. கிணறு வற்றினால் வேறு மூலையில்தான் தண்ணீர் தேடவேண்டும். அங்கே தண்ணீர் இருக்குமா என்பது பூமாதேவிக்கே வெளிச்சம்.

நம் ஊர் விஷயம் இன்னும் கொஞ்சம் சிக்கல். இங்கே நிலத்தைச் சென்ட்டில் பேசுவதில்லை, கெஜத்தில் பேசுகிறார்கள். ஆந்திரம் ஒன்றாக இருந்தபோது 2012-இல் வந்த கட்டட விதிகள், அரசாணை 168, மனைப்பிரிவு போடுகிறவர்களுக்குத் தெரியும். மனையின் ஊடே கோபுரப் பாதை போனால், கோபுர அடியின் அகலத்துக்குக் கம்பிக்குக் கீழே பசுமைப் பட்டை விடவேண்டும். அதன் இருபுறமும் குறைந்தது 10 மீட்டர் சாலை விடவேண்டும். இருபது ஏக்கரில் லேஅவுட் போடும் கம்பெனி இதைச் சாலைக் கணக்கிலும் பூங்காக் கணக்கிலும் ஈடுகட்டப் பார்க்கும். அப்பா விட்டுப்போன அரை ஏக்கரைப் பிள்ளைகளுக்குப் பிரிக்க நினைப்பவர் எதில் ஈடுகட்டுவார்?

இதைவிட மோசமானது, பலரும் கவனிக்காதது ஒன்று. கம்பி போவதற்கு நிலத்தை யாரும் வாங்குவதில்லை. ஆகவே பத்திரம் பதிவாவதில்லை. ஆகவே வில்லங்கச் சான்றில் பொதுவாக ஒரு வரிகூட இருக்காது. பட்டாதார் பாஸ்புக்கில் பெயர் அப்படியே இருக்கும். வங்கியின் மதிப்பீட்டாளர் வந்து அண்ணாந்து பார்க்கும் நாளில்தான் கடன் தொகை சுருங்கும். சட்ட நூல்களில் பிறர் நிலத்தின் மேல் இருக்கும் இந்த மாதிரி உரிமைக்கு வசதியுரிமை என்று பெயர். வசதி யாருக்கு என்று மட்டும் கேட்கக்கூடாது.

தமிழ்நாட்டில் இந்தச் சண்டை பெரிதாக வெடித்தது கொங்கு நாட்டில். சத்தீஸ்கரின் ராய்கரிலிருந்து தமிழ்நாட்டுப் புகளூருக்கு 800 கிலோவோல்ட் நேர்மின் பாதை. பவர் கிரிட் நிறுவனத்தின் திட்டம், 6,000 மெகாவாட் கொண்டுவரும் அளவு பெரியது. ஈரோடு, திருப்பூர், கோவைப் பக்கத்து விவசாயிகள் 2018 டிசம்பரில் உண்ணாவிரதம் இருந்தார்கள். ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்த உயர் அழுத்தக் கம்பிக்குக் கீழே குழல்விளக்கைக் கையில் பிடித்து நின்று காட்டினார்கள். ஒயர் இல்லை, சுவிட்ச் இல்லை, விளக்கு மினுமினுத்தது. மாயம் ஒன்றுமில்லை, கம்பியைச் சுற்றியுள்ள மின்புலம் குழலுக்குள் இருக்கும் வாயுவைத் தூண்டுகிறது, அவ்வளவுதான். ஆனால் அந்த வெளிச்சத்தில் தினமும் களை எடுக்கப் போகிறவரின் மனசு எப்படி இருக்கும்?

அவர்கள் சாலையோரமாக நிலத்தடிக் கேபிள் கேட்டார்கள். இவ்வளவு பெரிய மின்னழுத்தத்தில் அது சாத்தியமில்லை என்றது மறுதரப்பு. அதில் நியாயம் இருக்கிறது. 800 கிலோவோல்ட்டைக் கேபிளில் நெடுந்தூரம் கொண்டுபோவது எளிய வேலையல்ல. ஆனால் அதே புகளூரிலிருந்து திருச்சூருக்குப் போகும் 320 கிலோவோல்ட் நேர்மின் பாதையைப் பாருங்கள். 2021 பிப்ரவரியில் பிரதமர் தொடங்கிவைத்தது, செலவு 5,070 கோடி ரூபாய். கேரளத்தில் அதன் ஒரு பகுதி மண்ணுக்கடியில்தான் போகிறது, ஏனென்றால் அங்கே நெருக்கடி அதிகம், இடம் குறைவு. இடம் விலையேறினால் கேபிள் மண்ணுக்குள் போகும் என்று ஆகிறது. அப்படியானால் பட்டான்செருவின் கெஜத்துக்கும் அந்தக் கேள்வியைக் கேட்கலாமே?

பணக் கணக்கு முன்பைவிடத் தேவலை. 2015 வரை பெரும்பாலும் பயிருக்கும் மரத்துக்கும் மட்டுமே பணம், மண்ணுக்கு இல்லை. அந்த ஆண்டு அக்டோபரில் மத்திய மின் அமைச்சகம், கோபுர அடிநிலத்துக்கு மதிப்பில் 85 சதவீதமும் பாதைக்கு அதிகபட்சம் 15 சதவீதமும் என்று வழிகாட்டியது. 2024 ஜூனில் அது 200 சதவீதமாகவும் 30 சதவீதமாகவும் உயர்ந்தது. 2025 மார்ச்சில் நகர்ப்புறத்துக்குத் தனி விகிதம் வந்தது; பெருநகரப் பகுதிகளில் பாதைக்கு 60 சதவீதம். ஏக்கர் ஒரு கோடி என்று ஒரு பேச்சுக்கு வைத்துக்கொண்டால், மேலே சொன்ன 55 சென்ட்டுக்கு 2015 கணக்கில் மிஞ்சி மிஞ்சிப் போனால் எட்டேகால் லட்சம். 2024 கணக்கில் பதினாறரை லட்சம். பெருநகரக் கணக்கில் 33 லட்சம். ஆனால் இவை வழிகாட்டுதல்கள். தங்கள் மாநிலத்துக்குள் ஓடும் பாதைகளுக்கு மாநிலங்கள் ஏற்றுக்கொண்டால்தான் கைக்கு வரும். 66 கிலோவோல்ட்டுக்குக் கீழே உள்ள கம்பிகளுக்கு இந்தப் பேச்சே இல்லை. செல்போன் கோபுரத்துக்கு மாதாமாதம் வாடகை வரும்போது மின்கோபுரத்துக்கு மட்டும் ஒரே தடவைப் பணமா என்று கொங்கு விவசாயி கேட்டதற்கு இன்னும் ஒழுங்கான பதில் வரவில்லை. கேள்வி நியாயமானதுதான்.

பாதையைத் தடுத்தால் மாவட்ட ஆட்சியர் உத்தரவு போடுவார், வேலை நடக்கும். தடுக்கிறவர் பெரும்பாலும் தோற்கிறார். ஆனால் பணம் போதாது என்கிற வழக்கு வேறு. தந்திச் சட்டத்தின் 16-ஆம் பிரிவின்படி அது மாவட்ட நீதிபதியிடம் போகிறது. கேரள மின்வாரியத்துக்கும் லிவிஷா என்பவருக்கும் நடந்த வழக்கில் 2007-இல் உச்ச நீதிமன்றம் சொன்னது இதற்கு உதவும்: எல்லா நிலத்துக்கும் ஒரே வாய்ப்பாடு கிடையாது. நிலம் எங்கே இருக்கிறது, எதற்குப் பயன்படுகிறது, கம்பி சிறு துண்டின் மேல் போகிறதா, நட்டநடுவே வெட்டிக்கொண்டு போகிறதா என்றெல்லாம் பார்த்துத்தான் தொகையை முடிவுசெய்ய வேண்டும். அப்படிப் பார்க்கவைக்க மனு வேண்டும், நில வரைபடம் வேண்டும், கம்பி ஓடும் அளவு வேண்டும். பலர் கொடுத்த செக்கை வாங்கிக்கொண்டு அதோடு விட்டுவிடுகிறார்கள்.

இந்த அவையில் கவிதை எழுதுகிறவர்கள் இருக்கிறீர்கள், கதை எழுதுகிறவர்கள் இருக்கிறீர்கள், அலுவலகத்தில் நாள் முழுக்கக் கடிதம் வரைகிறவர்கள் இருக்கிறீர்கள். பக்கத்து நிலத்துக்காரர் ஒருவருக்கு மாவட்ட நீதிபதிக்கு ஒரு மனு எழுத உதவுங்கள். நீங்கள் மனை வாங்கப் போனால் பத்திரத்தைப் படிக்கும் முன் அண்ணாந்து ஒரு முறை பாருங்கள்.