ஏணியில் ஏற முன்
(புத்தாண்டு ஒன்றுகூடலில் ஆற்றிய உரை)



புத்தாண்டு நாளிலே ஏணியைப் பற்றி என்ன பேச்சு எண்டு சிலர் நினைக்கலாம். இங்கிலாந்திலே எங்கட ஆக்கள் கனபேர் கடைகளிலும் ஸ்ரோர்களிலும் கிளீனிங், பெயின்ற் வேலைகளிலும் நிற்கிறோம். ஏணியில் கால் வைக்காத கிழமை இல்லை. கனகாலம் ஸ்ரோரில் வேலை செய்தவன் என்ற முறையில் சில விசயங்களைச் சொல்ல விரும்புகிறேன்.

"ஊரிலே பனையும் மாமரமும் ஏறின எங்களுக்கு இதென்ன பெரிய வேலையோ?" எண்டு கேட்கிறவை உண்டு. பனைக்கு வேர் இருக்கு. ஏணிக்கு வேர் இல்லை. நாங்கள் வைக்கிற விதத்தில்தான் அது நிற்கும்.

முதலாவது, சரிவு. 4 அடி உயரத்துக்கு 1 அடி கணக்கு. ஏணி 12 அடி உயரத்தில் சுவரைத் தொட்டால், அதன் கால் சுவரிலிருந்து 3 அடி தள்ளியிருக்க வேண்டும். கிட்ட வைத்தால் பின்பக்கம் சரியும். கூடத் தள்ளி வைத்தால் கால் வழுக்கும்.

இரண்டாவது, ஏற முன் ஒருக்கால் பாருங்கோ. றப்பர் தேய்ந்திருக்கோ, படி வளைந்திருக்கோ, நிலம் ஈரமோ? பெட்டிக்கு மேலே ஏணி வைக்கவே கூடாது.

மூன்றாவது, ஏறி நிற்கேக்கை இரண்டு காலும் ஒரு கையும் ஏணியில் இருக்கட்டும். பெல்ற் கொளுக்கி இரண்டு பக்கச் சட்டத்துக்கும் இடையிலேயே இருக்க வேண்டும். எட்டி எடுக்காதேங்கோ, இறங்கி, ஏணியை நகர்த்துங்கோ. சாய்த்து வைக்கிற ஏணியின் மேல் 3 படிகளிலும் நிற்க வேண்டாம். ஒரே இடத்தில் 30 நிமிசத்துக்கு மேற்பட்ட வேலைக்கு ஏணி சரிவராது.

சட்டமும் எங்கட பக்கம் இருக்கு. உயரத்தில் வேலை செய்வது பற்றிய 2005ஆம் ஆண்டு ஒழுங்குவிதிகளின்படி, உயரத்துக்கு ஏறாமல் அந்த வேலையைச் செய்ய ஏலுமோ எண்டு முதலாளி முதலில் பார்க்க வேண்டும். ஏற வேண்டுமெண்டால் தகுந்த சாதனமும் பயிற்சியும் தரவேண்டும். அதுக்கு உங்கட சம்பளத்தில் காசு வெட்ட ஏலாது. பாரதூரமான ஆபத்து எண்டு நியாயமாக நம்பி ஏற மறுத்தவரைத் தண்டிக்கக் கூடாது எண்டு 1996ஆம் ஆண்டு வேலைவாய்ப்பு உரிமைச் சட்டம் சொல்கிறது.

என்னோடு வேலை செய்த ஒருவர் ஏணியால் விழுந்தவர். வேலை போய்விடும் எண்ட பயத்தில், வீட்டிலே விழுந்ததாக ஆஸ்பத்திரியில் சொல்லிவிட்டார். பிறகு நாரி நோவால் வேலைக்குப் போக ஏலாமல் வந்தபோது, வேலையில்தான் விழுந்தவர் எண்டு காட்ட ஒரு துண்டுக் கடதாசியும் இருக்கவில்லை. ஆகையால் விழுந்தால் அண்டைக்கே விபத்துப் புத்தகத்தில் பதிவியுங்கோ. 10 பேரோ கூடவோ வேலை செய்கிற இடத்தில் அது கட்டாயம் இருக்க வேண்டும். டொக்டரிட்டையும் உண்மையைச் சொல்லுங்கோ. இங்கிலிஷ் எழுதக் கஷ்டமெண்டால் பிள்ளைகளைக் கேளுங்கோ, அல்லது சங்கத்துக்கு வாங்கோ.

இங்கே ஒரு குடும்பம், ஊரிலே ஒரு குடும்பம், இரண்டும் உங்கட உழைப்பிலே நிற்கின்றன. ஏணியைச் சரியாக வைக்க இரண்டு நிமிசம் போதும். அந்த இரண்டு நிமிசத்தை எடுங்கோ.

எல்லோருக்கும் இனிய புத்தாண்டு வாழ்த்துக்கள்.