ஈஸ்னோபீலியாவா, ஆஸ்துமாவா?

(ஜூபிலி விழா மருத்துவ முகாமில் குழந்தை நல மருத்துவர் ஒருவர் ஆற்றிய உரை)



நமது திண்டுக்கல் வட்டாரத்தில் குழந்தைக்கு இரவில் இருமலும் மூச்சிளைப்பும் வந்தால், ஆஸ்துமா என்று சொல்ல வீட்டில் யாருக்கும் மனம் வருவதில்லை. பெண் குழந்தையானால் கேட்கவே வேண்டாம். "ஈஸ்னோபீலியாதான், இரத்தத்தில் கொஞ்சம் கூடியிருக்கிறது" என்று சொல்லி ஆறுதலடைகிறோம். அந்த ஒரு சொல்லைப் பற்றியே இன்று பேச விரும்புகிறேன்.

ஈஸ்னோபில் என்பது நோயன்று. வெள்ளை அணுக்களில் ஒரு வகை. ஈயோசின் என்ற சிவப்புச் சாயத்தை ஏற்பதால் அப்பெயர். 1879ல் ஜெர்மானிய அறிஞர் பால் எர்லிக் இதை விவரித்தார். ஒரு மைக்ரோலிட்டர் இரத்தத்தில் இது சாதாரணமாக 500க்குள் இருக்கும். ஒவ்வாமையால் வரும் ஆஸ்துமாவில் கூடலாம். 1960களில் கண்டறியப்பட்ட ஐ.ஜி.இ. என்ற புரதமும் கூடலாம். ஆகவே இவ்விரண்டும் மருத்துவருக்கு உதவும் சாட்சிகளே. பிரிட்டனில் 2024ல் வெளியான வழிகாட்டி நெறிகளும், 5 முதல் 16 வயதுக் குழந்தைகளுக்கு மூச்சுப் பரிசோதனைகளால் முடிவு தெரியாதபோது இவற்றைப் பயன்படுத்தலாம் என்கின்றன.

ஆனால் நம் நாட்டில் இதே சாட்சிகள் வேறு நோய்களுக்கும் சாட்சி சொல்லும். வயிற்றில் பூச்சி இருந்தாலும் இவை கூடும். கொசு பரப்பும் யானைக்கால் கிருமியாலும் கூடும். அந்தக் கிருமியால் வருவதுதான் உண்மையான வெப்பமண்டல ஈஸ்னோபீலியா. அன்றைய சென்னை மாகாணத்து மதனப்பள்ளி ஆரோக்கியவரம் காசநோய் மருத்துவமனையின் பிரிமோட் மொல்லரும் பார்ட்டனும் 1940லும், வைன்கார்ட்டன் 1943லும் இதைப் பற்றி எழுதினார்கள். இதில் எண்ணிக்கை பெரும்பாலும் 3000க்கு மேல் போகும். குழந்தைகளைவிட இளைஞர்களுக்கே அதிகம் வரும். டைஎத்தில்கார்பமசின் மாத்திரையை மூன்று வாரம் கொடுத்தால் பெரும்பாலும் குணம் தெரியும்.

ஆஸ்துமா அந்த மாத்திரைக்கு அடங்காது. மூச்சுக்குழாயின் உட்புறம் வீங்கிச் சுருங்குவதால் வருவது அது. வீக்கத்தைத் தணிக்க இன்ஹேலர் மருந்து வேண்டும். பெயரை மாற்றிச் சொல்லி மாதங்களைக் கடத்தினால், ஓர் இரவில் வரும் கடும் இளைப்பு உயிருக்கே ஆபத்தாகலாம். எண்ணிக்கை சரியாக இருக்கிறது என்பதற்காக ஆஸ்துமா இல்லை என்றும் முடிவு செய்யக் கூடாது. ஸ்டீராய்டு மாத்திரையோ மருந்து நீரோ கொடுத்திருந்தால் எண்ணிக்கை குறைந்தே காட்டும்.

ஆகவே பெற்றோர்களே,

1. சீட்டில் உள்ள எண்ணைப் பார்த்து நீங்களாக மருந்து வாங்காதீர்கள். இருக்கும் இன்ஹேலரை நிறுத்தவும் வேண்டாம்.

2. எப்போது, எதனால் இளைப்பு வருகிறது, என்ன மருந்து கொடுத்தீர்கள் என்பதை மருத்துவரிடம் மறைக்காமல் சொல்லுங்கள்.

3. இன்ஹேலர் 'பழகிவிடும்' என்று அஞ்சாதீர்கள். அதில் மருந்தின் அளவு மைக்ரோகிராம் கணக்கில்தான்.

4. சுருட்டுக்குப் பேர்போன ஊர் நம்முடையது. குழந்தை இருக்கும் வீட்டில் புகை வேண்டாம்.

5. விலா எலும்பு உள்வாங்கினாலோ, பேச முடியாமல் திணறினாலோ, உதடு நீலம் பாய்ந்தாலோ உடனே மருத்துவமனைக்குத் தூக்கிச் செல்லுங்கள்.

ஆஸ்துமா உள்ள குழந்தையும் முறையாக மருந்தெடுத்தால் ஓடலாம், விளையாடலாம், படிக்கலாம். நோயின் பெயரைச் சொல்லக் கூச்சப்பட வேண்டாம்.