நகரும் புள்ளியும் மாணவிகளின் கணிதமும்

இலங்கையில் க.பொ.த. சாதாரண தரம் வரை கணிதம் எல்லோருக்கும் கட்டாயப் பாடம். அதுவரை மாணவிகள் பின்தங்குவதில்லை. கொழும்புப் பல்கலைக்கழகத்தின் தேசிய கல்வி ஆராய்ச்சி மற்றும் மதிப்பீட்டு நிலையம் எட்டாம் தரத்தில் நடத்திய கணித மதிப்பீடுகளில் அவர்களின் சராசரிப் புள்ளியே உயர்ந்திருந்தது. உயர்தரத்தில்தான் நிலைமை மாறுகிறது. இணைந்த கணிதம் படிக்கும் பௌதிக விஞ்ஞானப் பிரிவில் மாணவிகளின் தொகை குறைந்துவிடுகிறது.

திறமை இருந்தும் துணிவு குறைவது இதற்கு ஒரு காரணம். 15 வயதினரிடம் 2012 இல் பல நாடுகளில் நடந்த பீசா மதிப்பீட்டில், ஒரே அளவு புள்ளி பெற்றவர்களிடையேகூட மாணவிகளுக்கே கணிதப் பயம் கூடுதலாக இருந்தது. உருவங்களை மனதில் சுழற்றிப் பார்ப்பதில் மட்டும் ஆண் பெண் வேறுபாடு ஓரளவு நிலையாகத் தெரிகிறது. அதுவும் பயிற்சியால் குறைவதே. 2007 இல் டொரொண்டோ பல்கலைக்கழக ஆய்வொன்றில், 10 மணிநேரம் வீடியோ கேம் விளையாடிய பின் பெண்களின் முன்னேற்றமே அதிகமாக இருந்தது.

2001 இல் ஒஸ்திரியாவின் சால்ஸ்பர்க்கில் மார்கஸ் ஹோகன்வார்ட்டர் உருவாக்கிய ஜியோஜிப்ரா என்ற, உருவங்களைத் திரையில் அசைத்துப் பார்க்க உதவும் இலவச மென்பொருளின் அருமை இங்கேதான் விளங்கும். நேயர்கள் ஒரு தாளில் வட்டமொன்றைக் கீறிக்கொள்ளலாம். பரிதியில் இரண்டு புள்ளிகளைக் குறித்து மையத்தோடு இணைக்க, அங்கே 80 பாகைக் கோணம் உண்டாகிறது என்று வைத்துக்கொள்வோம். பெரிய வில்லில் மூன்றாவது புள்ளியை வைத்து முதல் இரண்டோடும் இணைத்தால், அங்கே கோணம் 40 பாகை. தாளில் கதை இத்தோடு முடிந்தது. திரையிலோ அந்தப் புள்ளியைப் பிடித்து இழுக்கலாம். பெரிய வில் முழுக்க ஓடினாலும் 40 அசையாது. சிறிய வில்லுக்குள் நுழைந்த கணத்தில் 140 ஆகிறது. இரண்டும் சேர்ந்து 180. முதல் இரண்டு புள்ளிகளையும் விட்டத்தின் முனைகளுக்குத் தள்ளினால் 90 வந்து நிற்கிறது. பாடநூலில் தனித்தனியாகப் பாடமாக்கிய தேற்றங்கள் ஒரே அசைவில் உறவாகிவிடும் இந்த இடம் உண்மையிலேயே அழகானது. விடை சரியா பிழையா என்று மட்டும் சொல்லும் பயிற்சி மென்பொருளில் இந்த அனுபவம் கிடைக்காது.

வெள்ளவத்தையிலோ கொட்டாஞ்சேனையிலோ நிரம்பி வழியும் கலப்பு ரியூஷன் வகுப்பில் கேட்கக் கூச்சப்படும் கேள்வியை, மாணவி திரையிடம் எத்தனை தரமும் கேட்கலாம். பிழைத்தாலும் யாரும் திரும்பிப் பார்க்கப்போவதில்லை. ஆனால் ஒரு கணினியைச் சுற்றிப் பலர் அமரும்போது, மவுஸ் யார் கையில் என்பதே எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது. கலப்பு வகுப்பில் பெரும்பாலும் அது மாணவனின் கையில். மாணவி பக்கத்திலிருந்து குறிப்பு எழுதுவாள். சைவ மங்கையர் வித்தியாலயம் போன்ற மகளிர் பாடசாலைகளில் இந்தத் தடை இல்லை. மற்ற இடங்களில் ஆசிரியர் முறைவைத்து மவுஸைக் கைமாற்ற வேண்டும்.

ஜியோஜிப்ரா கைத்தொலைபேசியிலும் இயங்கும்; பதிவிறக்கிய பின் இணைய இணைப்புக்கூடத் தேவையில்லை. உயர்தரப் பிரிவைத் தெரிவு செய்யும் முடிவு சாதாரண தரப் பரீட்சையை ஒட்டியே எடுக்கப்படுவதால், ஒன்பதாம், பத்தாம் தரத்திலேயே அந்தத் தொலைபேசி தினமும் சற்று நேரம் மகளின் கைக்கும் வந்தால் நல்லது.